மூன்றாம் பாகத்தில் நிற்கிறேன் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

பி.காம் முடித்துவிட்டு ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பைத்தான் ஓரளவு தெரியும். பைத்தானில் வலைத்தளம் செய்ய உதவும் ஜாங்கோவை அதன் டாக்குமென்டேஷனில் உள்ள டுடோரியலை வைத்தே படிக்கிறேன், தினமும் இரவு ஒன்றரை மணி நேரம். இரண்டு பாகம் எப்படியோ முடிந்தது. மூன்றாம் பாகத்தில் ‘டெம்ப்ளேட் டஸ்நாட் எக்ஸிஸ்ட்’, அதாவது பக்கத்தின் தோற்றத்தை எழுதிய ஃபைல் இல்லை என்று எரர். நான்கு நாளாக அங்கேயே நிற்கிறேன். டுடோரியலில் செய்யச் சொல்லும் வாக்கெடுப்பு ஆப்பின் பெயர் போல்ஸ். அந்தப் போல்ஸ் ஃபோல்டருக்குள் டெம்ப்ளேட்ஸ், அதற்குள் இண்டெக்ஸ் ஃபைல் கண் முன்னால் இருக்கிறது. இல்லை என்கிறது. வியூவில் டுடோரியலில் உள்ளபடிதான் எழுதியிருக்கிறேன். புரியாத சொல்லின் லிங்கை எல்லாம் திறந்து படித்ததில் இருபது டேப் ஆகிவிட்டது. யூடியூபில் ஒரு வீடியோவைப் பார்த்துச் செய்தால் யூஆர்எல் என்பதை இம்போர்ட் செய்யும் வரியிலேயே எரர். இது எனக்கு வராதோ என்று இருக்கிறது.

சு.

அன்புள்ள சு.,

முதலில் எரரைத் தீர்த்துவிடுவோம். டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டருக்குள் போல்ஸ் என்று இன்னொரு ஃபோல்டர் போட்டு, இண்டெக்ஸ் ஃபைலை அதற்குள் வையுங்கள். ஆமாம், போல்ஸுக்குள் டெம்ப்ளேட்ஸ், அதற்குள் மறுபடி போல்ஸ். நீங்கள் எழுதிய வியூ, ‘போல்ஸ்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘இண்டெக்ஸ்’ என்றுதான் கேட்கிறது. நீங்கள் வைத்த ஃபைல் ஒரு படி வெளியே நிற்கிறது.

ஏன் ஒரே பெயர் இரண்டு தடவை? ஜாங்கோ ஒவ்வொரு ஆப்பிலும் இருக்கும் டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரை, செட்டிங்ஸில் ஆப்களை எழுதிய வரிசைப்படி தேடிக்கொண்டு போகும். பெயர் பொருந்தும் முதல் ஃபைலை எடுத்துக்கொள்ளும். நாளைக்கு இன்னொரு ஆப்பிலும் ஓர் இண்டெக்ஸ் ஃபைல் வைத்தீர்கள் என்றால் எது எந்த ஆப்பினுடையது என்று அதற்குத் தெரியாது. ஒரே தெருவில் இரண்டு முருகன் இருந்தால் கடைக்கார முருகன், வாத்தியார் வீட்டு முருகன் என்று சொல்கிறோமே, அதுதான் இது. இந்த விளக்கம் மூன்றாம் பாகத்திலேயே தனிப் பெட்டியாக இருக்கிறது. ஆனால் புதிதாகப் படிக்கிறவர்களின் கண், பெட்டியைத் தாண்டி அடுத்த கோடுக்குப் போய்விடும். நான் பார்த்த வரையில் எல்லோருக்கும் இப்படித்தான்.

இப்போது அந்த மஞ்சள் எரர் பக்கத்துக்கு மறுபடி போங்கள். தலைப்பைப் படித்ததும் மூடிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். கொஞ்சம் கீழே இறங்கினால், டெம்ப்ளேட் லோடர் போஸ்ட்மார்ட்டம் என்று ஒரு பகுதி. எந்தெந்த இடத்தில், எந்த வரிசையில் தேடினேன் என்று ஜாங்கோ முழுப் பாதையோடு எழுதிவைத்திருக்கும். அதில் உங்கள் ஆப்பின் பாதையும் இருக்கும், போல்ஸ் என்ற சொல் இரண்டு முறை வரும். அந்தப் பாதையையும் உங்கள் ஃபைல் இருக்கும் இடத்தையும் ஒரு தாளில் மேலும் கீழுமாக எழுதினால் நான்கு நாள் நான்கு நிமிடமாகியிருக்கும். பட்டியலில் உங்கள் ஆப்பே இல்லையென்றால் கோளாறு வேறு. செட்டிங்ஸில் ஆப்பைச் சேர்த்திருக்க மாட்டீர்கள், அல்லது டெம்ப்ளேட்ஸ் என்பதில் கடைசி ‘எஸ்’ விட்டுப்போயிருக்கும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஃபோல்டரைப் புதிதாகப் போட்டிருந்தாலும் அதற்குத் தெரியாமல் போகலாம். நிறுத்தி மறுபடி ஓட்ட வேண்டும்.

எரர் பக்கமும் டாக்குமென்டேஷன்தான். அதிலும் உங்கள் ப்ராஜெக்டுக்காகவே, அந்த நிமிடத்தில் எழுதப்பட்டது. நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இதைத்தான்.

இருபது டேப் விஷயம். ஜாங்கோ டாக்குமென்டேஷனில் நான்கு வகை இருக்கிறது: டுடோரியல், கருத்துகளை விளக்கும் பக்கங்கள், குறிப்பிட்ட வேலைக்கான செய்முறைகள், ரெஃபரன்ஸ். முகப்பிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள். ரெஃபரன்ஸ் என்பது அகராதி மாதிரி. ஏற்கெனவே புழங்குகிறவருக்காக எழுதியது. டுடோரியலிலிருந்து ஒரு லிங்கைத் தொட்டதும் எந்த அறிவிப்பும் இல்லாமல் அதற்குள் போய் விழுகிறோம். அது உங்கள் தவறு இல்லை. இந்த முதல் சுற்றில் லிங்குகளைத் தொடாதீர்கள். புரியாத சொல்லை நோட்டில் எழுதிவிட்டு மேலே போங்கள்.

‘வியூ’ என்ற சொல்லும் உங்களைக் குழப்பியிருக்கலாம். திரையில் தெரிகிற தோற்றம் என்றுதான் யாருக்கும் படும். ஜாங்கோவில் வியூ என்பது எந்தத் தகவலைக் காட்டுவது என்று முடிவுசெய்யும் பைத்தான் ஃபங்ஷன். தோற்றம் டெம்ப்ளேட்டின் வேலை.

வீடியோ பழையது. 2017 டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0 பதிப்பில், பக்க முகவரியை வியூவோடு இணைக்க ‘பாத்’ என்ற புதிய முறை வந்தது. 2021 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பில் அந்தப் பழைய யூஆர்எல் ஃபங்ஷனையே எடுத்துவிட்டார்கள். அந்த வீடியோக்காரர் செய்தபோது அது சரியாகவே ஓடியிருக்கும். டாக்குமென்டேஷன் பக்கத்திலும் கீழே வலது மூலையில் பதிப்பு எண் இருக்கும். உங்கள் கணினியில் இருக்கும் பதிப்பும் அதுவும் ஒன்றுதானா என்று இன்றைக்கே பாருங்கள்.

வராதோ என்று கேட்டிருக்கிறீர்கள். பகல் முழுக்க அலுவலக வேலை பார்த்துவிட்டு, இரண்டாம் பாகத்தில் டேட்டாபேஸ், மைக்ரேஷன், அட்மின் எல்லாவற்றையும் தாண்டி வந்திருக்கிறீர்கள். மூன்று ரூபாய் இடித்தால் எந்த வவுச்சர் என்று வரிவரியாகத் தேடுகிற வேலைதானே உங்களுடையது? இங்கே கேட்பதும் அதே கண்தான். எனக்கு உங்களைப் பற்றிக் கவலையே இல்லை.

நான்காம் பாகத்தில் ஃபார்ம் வரும். அதில் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் என்று ஒரு வரி இருக்கும். ஃபார்ம் உங்கள் தளத்திலிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்க அது. சரியாக ஓடியதும் அந்த வரியை வேண்டுமென்றே எடுத்துவிட்டு ஓட்டுப் போட்டுப் பாருங்கள். 403, அதாவது அனுமதி இல்லை என்ற எரர் வரும். அந்தப் பக்கத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, என்ன புரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.