வாசகர் கேள்வி – பதில்: ‘நோ மேன்ஸ் ஸ்கை’யை இப்போது வாங்கலாமா?

கேள்வி: விண்வெளியில் கிரகம் கிரகமாகத் திரியும் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ கேமை வாங்கலாம் என்று இருக்கிறேன். விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுத்துத் தரும் மெட்டாக்ரிடிக் தளத்தில் பார்த்தால் கணினிப் பதிப்புக்கு 61 மதிப்பெண்தான். என் நண்பனோ தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறான். யாரை நம்புவது?
– கல்லூரி மாணவர், ஈரோடு

இரண்டு பேரையும் நம்பலாம் தம்பி. அந்த 61, 2016 ஆகஸ்டில் வெளியான கேமுக்குக் கிடைத்தது. பிளேஸ்டேஷன் 4 பதிப்புக்கு 71. உங்கள் நண்பர் ஆடுவது அதற்கப்புறம் வருடக்கணக்கில் அப்டேட் மேல் அப்டேட் வந்து சேர்ந்த கேம். பெயர் ஒன்றுதான், ஆனால் உள்ளே இருப்பது வேறு.

முதலில் வந்த விமர்சனங்கள் அநியாயமானவை என்று இன்று பலர் எழுதுகிறார்கள், அதை நான் ஏற்கவில்லை. கிரகத்தின் தரையிலிருந்து கப்பலைக் கிளப்பி, மேகத்தைத் தாண்டி, வானத்தின் நிறம் மெல்லக் கறுத்து, நடுவில் ஒரு லோடிங் திரைகூட இல்லாமல் விண்வெளிக்குள் போய் நிற்கிற அந்த நிமிடத்தை அன்றைக்கே எல்லோரும் பாராட்டினார்கள். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அது அலுக்கவே இல்லை. ஆனால் அதற்கப்புறம் என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் அன்று கேமிடம் பதில் இல்லை. கல்லை உடை, தனிமத்தைச் சேர், பை நிறைந்துவிட்டது, எதையாவது தூக்கிப் போடு, அடுத்த கிரகத்துக்குப் போ. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் முதல் நாள் ஒரே நேரத்தில் 2 லட்சத்து 12 ஆயிரம் பேர் வரை ஆடினார்கள், சில வாரங்களில் அதில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை.

இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டு என்ற ஊரில் இருக்கும், இந்தக் கேமை உருவாக்கிய ஹலோ கேம்ஸ் நிறுவனம் அதோடு கடையைக் கட்டவில்லை. 2016 நவம்பரில் ‘ஃபவுண்டேஷன்’ அப்டேட்டில் வீடு கட்டும் வசதி வந்தது, 2017-இல் தரையில் ஓட்ட வண்டிகள் வந்தன, 2018 ஜூலையில் வந்த ‘நெக்ஸ்ட்’டில் நாலு பேர் சேர்ந்து ஆட முடிந்தது, 2019-இல் கண்ணில் கருவி மாட்டிக்கொண்டு கேமுக்குள்ளேயே நிற்பது போல ஆடும் வி.ஆர். வசதி வந்தது. இது எதற்குமே தனியாகக் காசு வாங்கவில்லை. 2020-இல் தி கேம் அவார்ட்ஸ் விருது விழாவில் தொடர்ந்து வளரும் கேமுக்கான விருது, 2022-இல் அதே போன்ற பிரிட்டனின் பாஃப்டா விருது, 2024 இறுதியில் ஸ்டீமில் ஆடியவர்கள் தந்த மதிப்பீடு ‘வெரி பாசிட்டிவ்’. மெட்டாக்ரிடிக் எண் மட்டும் அப்படியே நிற்கிறது, ஏனென்றால் அங்கே பழைய விமர்சனங்களைத் திருப்பி எழுதுவதில்லை. ஆகவே மதிப்பெண்ணைப் பார்க்கும்போது பக்கத்தில் தேதியையும் பாருங்கள். தனியாக அலைந்து திரிவது பிடிக்கும் என்றால் தாராளமாக வாங்கலாம். விறுவிறுப்பான கதை வேண்டும் என்றால் வேண்டாம்.

கேள்வி: எல்லாம் சரி, ஹலோ கேம்ஸின் ஷான் மர்ரே அன்று பொய் சொன்னாரா இல்லையா?
– வாசகி, திருநெல்வேலி

இல்லாததை இருக்கிறது என்று சொன்னார். அதை மழுப்ப வேண்டியதில்லை. இன்னொரு ஆட்டக்காரரைச் சந்திக்க முடியும், ஆனால் வாய்ப்பு மிக மிக அரிது என்று பேட்டிகளில் சொல்லியிருந்தார். வெளியான முதல் நாளே இரண்டு பேர் எப்படியோ ஒரே கிரகத்தில், ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். இருவரும் ஆடுவதை நேரலையில் பலர் பார்க்கிறார்கள். ‘நான் இங்கேதான் நிற்கிறேன்’ என்கிறார் ஒருவர், ‘நானும் அங்கேதான்’ என்கிறார் மற்றவர். இரண்டு திரையிலும் ஆள் இல்லை. அந்தக் காட்சி செய்த சேதத்தை எந்த விமர்சகரும் செய்யவில்லை.

அப்புறம் அவர் மாதக்கணக்கில் வாயே திறக்காதது கோபத்தை இன்னும் வளர்த்தது. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் வரைக்கும் புகார் போனது. விளம்பரம் ஏமாற்றவில்லை என்று 2016 நவம்பரில் ஆணையம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் சுமார் 15 பேர் சேர்ந்து செய்த கேமை, பெரிய நிறுவனங்களின் கேம் விற்கும் அதே 60 டாலருக்கு, அதே பெரிய மேடையில் நிறுத்தியதில் பிளேஸ்டேஷன் நிறுவனமான சோனிக்கும் பங்கு உண்டு. டிரெய்லரைப் பார்த்து ஆளாளுக்கு ஒரு கேமைக் கற்பனை செய்து எழுதிய பத்திரிகைகளுக்கும்தான். வெளியீடு சில வாரம் தள்ளிப்போனதற்கே மர்ரேவுக்குக் கொலை மிரட்டல் வந்தது. ஒரு கேமுக்காகக் கொலை மிரட்டல் விடுவதை என்ன காரணம் சொன்னாலும் நியாயப்படுத்த முடியாது.

கேள்வி: ‘நோ மேன்ஸ் ஸ்கை’யில் இருக்கும் அத்தனை கோடிக் கிரகங்களையும் எங்கே சேமித்து வைத்திருக்கிறார்கள்?
– பத்தாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

எங்கேயும் இல்லை! ஒரு எண்ணைக் கொடுத்தால் கேமுக்குள் இருக்கும் கணிதச் சூத்திரம் அந்தக் கிரகத்தின் மலை, கடல், விலங்கு எல்லாவற்றையும் அந்த நொடியில் வரைந்து தருகிறது. அதே எண்ணுக்கு எப்போதும் அதே கிரகம். சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அடுத்ததற்கு நாலு என்று கேட்டு ராஜாவைத் திணறடித்த கதை தெரியும்தானே? அந்த நெல்மணிகளின் கூட்டுத்தொகையோடு ஒன்றைச் சேர்த்தால் வருவதுதான் இந்தக் கிரகங்களின் எண்ணிக்கை: 2-இன் 64-ஆம் அடுக்கு, நம் கணக்கில் 1,84,467 கோடி கோடி. நொடிக்கு ஒன்று பார்த்தாலும் முடிக்க 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

எண் பொய்யில்லை. ஆனால் நாலைந்து சுழிகளை மாற்றி மாற்றி ஆயிரம் கோலம் போடலாம், பத்தாவது கோலத்திலேயே அந்தச் சுழிகள் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். 2016-இல் விமர்சகர்களுக்குச் சலித்தது அதுதான். பின்னால் வந்த அப்டேட்கள் புதுச் சுழிகளைச் சேர்த்தன.

கேள்வி: ‘ஸ்டார்ஃபீல்டு’ம் இப்படி மீண்டு வருமா?
– ஐ.டி. ஊழியர், சென்னை

அதுவும் விண்வெளி கேம்தான், ஆனால் அதன் கதை வேறு. 2023 செப்டம்பரில் விமர்சகர்கள் நல்ல மதிப்பெண்ணே கொடுத்தார்கள். குறைப்பட்டது ஆடியவர்கள். ஆயிரத்துக்கும் மேல் கிரகங்கள், பல காலியாகக் கிடக்கின்றன என்றார்கள். நிலாவில் இறங்கிய வீரர்களுக்கு அங்கே எதுவும் இல்லாததால் சலிப்பா தட்டியது என்று அதை உருவாக்கிய பெத்தெஸ்டா தரப்பில் பதில் வந்தது. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. நிலாவுக்குப் போனவர் உயிரைப் பணயம் வைத்துப் போனார், நாம் ஒரு பொத்தானை அழுத்தி, லோடிங் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து போகிறோம். மர்ரே அப்படி வாதாடவில்லை, குறை சொன்ன இடத்தில் போய் வேலை பார்த்தார்.