கண்ணாடி தேய்த்தவரின் அலமாரி

கேள்வி: நெதர்லாந்தில் லைடனில் படிக்கும் மகள் என்னை ரைன்ஸ்பர்க்கில் உள்ள தத்துவஞானி ஸ்பினோசாவின் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அலமாரி நிறையப் பழைய புத்தகம். கேட்டால், அவை எதுவும் அவருடையவை அல்லவாம். அதே பதிப்புகளைத் தேடி அடுக்கியிருக்கிறார்களாம். அவர் தொடாத புத்தகத்தைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனேன்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கடுப்பு நியாயம்தான் அம்மா. ஆனால் அந்த அலமாரிக்கு ஒரு கதை உண்டு. 1677 பிப்ரவரியில் ஹேக் நகரத்து வாடகை அறையில் ஸ்பினோசா இறந்தார். வயது 44. சாமான்களை ஏலம் விடுவதற்காகப் பத்திரம் எழுதுகிறவர் வந்து சட்டை, கட்டில் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். புத்தகம் மட்டும் சுமார் 160. ஏலத்தில் எல்லாம் போய்விட்டது; பட்டியல் தப்பித்தது. இருநூறு வருஷம் கழித்து அதை வைத்துத்தான் தேடிச் சேர்த்தார்கள்.

என் அப்பா பினாங்கு லெபோ பாசார் தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் ஓரம் தேய்த்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முழங்கை வரை வெள்ளைத் தூள், மூக்குத் துவாரத்திலும்தான். அவர் போன பிறகு அவருடைய தகரப்பெட்டியை எழுதிவைத்தோம்: தேய்ந்த அளவுகோல் ஒன்று, அடகுச் சீட்டு மூன்று, திருவாசகம் ஒன்று. அப்பா திருவாசகம் படிப்பார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்!

ஸ்பினோசாவும் லென்ஸ் தேய்த்துத்தான் கொஞ்சம் சம்பாதித்தார். நுண்ணோக்கிக்கும் தொலைநோக்கிக்கும் லென்ஸ் செய்தார்; அவர் லென்ஸ் அருமை என்று அன்றைய பெரிய டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸே மெச்சியிருக்கிறார். அவருக்கு இருந்த நுரையீரல் நோயை அந்தக் கண்ணாடித் தூள் இன்னும் முற்றவைத்தது என்று நினைப்பவர்கள் பலர். 1656-ல், 23 வயதில், ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் அவரைத் தள்ளிவைத்திருந்தது. கடவுள் வேறு, இயற்கை வேறு இல்லை என்று பிற்பாடு எழுதியவர் அல்லவா! 1673-ல் ஹைடல்பர்க் பேராசிரியர் வேலை தேடி வந்தது, நாட்டு மதத்துக்கு இடைஞ்சல் தரக்கூடாது என்ற நிபந்தனையோடு. எந்த எல்லையில் நிற்க வேண்டும் என்று தமக்குத் தெரியாது என்று சொல்லி மறுத்துவிட்டார். பென்ஷன் உத்தியோகத்தை விட்டவர் என்று நம் ஆட்கள் திட்டியிருப்பார்கள்.

சரி, அடுத்த முறை போனால் விருந்தினர் ஏட்டைப் பற்றி விசாரியுங்கள். 1920-ல் ஐன்ஸ்டைன் வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவரும் பார்த்தது இதே அலமாரியைத்தான்.