டீம் கலைந்துவிட்டது, எங்கள் இண்டி கேம் பாதியில் நிற்கிறது. இனியும் அதை வைத்திருப்பதில் அர்த்தம் உண்டா?

உண்டு. ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபோல்டராகக் கிடப்பதை வைத்திருப்பது என்று நான் சொல்ல மாட்டேன். முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான் போட்டு வைத்திருந்தேன்.

நாங்கள் நான்கு பேர். நான் கோட் எழுதினேன். ஒரு தோழி படம் வரைந்தாள், இரண்டு நண்பர்கள் இசையையும் லெவல் டிசைனையும் பார்த்துக்கொண்டார்கள். கையில் ஒரு விளக்கோடு இருட்டில் நடக்கும் புதிர் கேம் அது. எண்ணெய் குறையக் குறைய நிழல்கள் நீளும். அந்த நிழல்கள் மேல் ஏறித்தான் அடுத்த இடத்துக்குப் போக முடியும். மூன்று வருட மாலை நேரங்கள் அதற்குப் போயின. பன்னிரண்டு லெவலில் ஏழு முடிந்திருந்தது. சண்டை எதுவும் நடக்கவில்லை. ஒருவனுக்கு வேலை மாறியது, தோழிக்குக் குழந்தை பிறந்தது, வாரப் பேச்சு மாதப் பேச்சாகி ஒருநாள் நின்றுபோனது.

இரண்டு வருடம் கழித்து, நாங்கள் பயன்படுத்திய யூனிட்டி என்ற கேம் இன்ஜினின் (கேமை உருவாக்கும் மென்பொருள்) புதிய பதிப்பில் அதைத் திறந்தேன். நிழலுக்காக நாங்களே எழுதிய ஷேடர் (ஒளியும் நிழலும் திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் கோட்) வேலை செய்யாமல், திரை முழுக்க அடர்ந்த இளஞ்சிவப்பு. நிழல்தான் அந்த கேமே. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நல்லவேளை, மாற்றாத பிரதி ஒன்று இருந்தது. யூனிட்டி ப்ராஜெக்டின் செட்டிங்ஸ் ஃபோல்டரில் எந்தப் பதிப்பில் செய்தது என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் பதிவாகியிருக்கும். அந்தப் பழைய பதிப்பையே இறக்கி நிறுவியதும் கேம் ஓடியது. எனவே உங்கள் ப்ராஜெக்டைப் புதிய பதிப்புக்கு மாற்றிப் பார்க்கும் ஆசை வந்தால், முதலில் பிரதி எடுங்கள்.

கோட் தப்பித்தது, படங்கள் முழுதாகத் தப்பவில்லை. ரெப்போவில் (எல்லோரும் ப்ராஜெக்ட் ஃபைல்களைப் போட்டு வைத்த பொது இடம்) இருந்தவை பிஎன்ஜி ஃபைல்கள் மட்டும். ஒவ்வொரு பகுதியும் தனித்தனி லேயராக, அதாவது அடுக்காகப் பிரிந்த மூலப் படங்கள் தோழியின் லேப்டாப்பில் இருந்தன, அந்த லேப்டாப் போய்விட்டது. இப்போது விளக்கின் கைப்பிடியை மட்டும் மாற்ற வேண்டுமென்றாலும் முழுப் படத்தையும் மறுபடி வரைய வேண்டும். உங்கள் டீம் ஆட்களோடு இன்னும் பேச்சு இருக்கும்போதே மூலப் படங்கள், இசையின் தனித்தனி டிராக்குகள், லெவல் டிசைன் வரைபடங்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அப்புறம் ஓடக்கூடிய பில்ட் (நேரடியாக விளையாடத் தயாரான வடிவம்) ஒன்றையும், யாராவது முதலிலிருந்து கடைசி வரை விளையாடும் வீடியோ ஒன்றையும் எடுத்து வையுங்கள். இன்ஜின் பழசாகிப்போனாலும் வீடியோவைப் பார்க்க முடியும்.

இதைவிட முக்கியமானது அனுமதி. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால், பெரும்பாலான நாடுகளில் வரைந்தவருக்கு அவர் படம், இசையமைத்தவருக்கு அவர் இசை என்றுதான் உரிமை போகும். யூனிட்டியின் ஆன்லைன் கடையான அஸெட் ஸ்டோரில் வாங்கிய பிளகின்களின் (கேமில் சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்) லைசென்ஸ் வாங்கியவர் கணக்கோடு கட்டுப்பட்டது. 1997 டிசம்பரில் டூம் விளையாட்டின் சோர்ஸ் கோடை அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்டபோது, அதன் ஒலிப் பகுதியை விட்டுவிட்டுத்தான் வெளியிட முடிந்தது. காரணம், அது வெளியார் ஒருவரிடமிருந்து லைசென்ஸ் வாங்கிப் பயன்படுத்தியது. அவ்வளவு பெரிய கேமுக்கே அந்த நிலை. உரிமை ஒரே கையில் இருந்தால் கதையே வேறு. கிளிட்ச் என்ற ஆன்லைன் கேம் 2012 டிசம்பரில் மூடப்பட்டது. அதை உருவாக்கிய நிறுவனம் அடுத்த வருடமே அதன் படங்களில் பெரும்பகுதியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டுவிட்டது.

நான் மூவருக்கும் தனித்தனியாக எழுதினேன். கேமை முடிக்கச் சொல்லவில்லை. உன் பங்கை இந்த கேமில் நான் தொடர்ந்து பயன்படுத்தலாமா, வெளியிட்டால் பெயர் எப்படி வர வேண்டும், நீ உனக்கென்று எதை எடுத்துக்கொள்ள விரும்புகிறாய் என்று மூன்றே கேள்விகள். மூவரும் சம்மதித்தார்கள். இசை நண்பன் மட்டும் ஒரு மெட்டைத் தன் ஆல்பத்துக்கு எடுத்துக்கொண்டான். அது அவனுடையது, மனதாரச் சரி என்றேன்.

மிச்சத்தை நீங்களே தனியாக முடிக்கலாமே என்று பலர் சொல்வார்கள், ஸ்டார்டியூ வேலி என்ற கேமை உதாரணம் காட்டுவார்கள். எரிக் பரோன் என்ற ஒருவரே நாலரை வருடம் போல உழைத்து 2016-இல் அதை வெளியிட்டது உண்மைதான். ஆனால் அது ஆரம்பம் முதலே ஒருவர் கையில் வளர்ந்த கேம். நான்கு பேருக்கென்று போட்ட திட்டத்தை ஒருவர் தலையில் ஏற்றினால், கேமோடு சேர்ந்து அந்த ஆளும் பாதியில் நிற்பார் என்பது என் கருத்து. நான் ஏழு லெவலில் நன்றாக நின்ற மூன்றை மட்டும் எடுத்து, தொடக்கமும் முடிவும் கொடுத்து, இருபது நிமிட கேமாக ஆக்கினேன். மீதி நான்கும், வரைபடமாகவே நின்ற ஐந்தும் குறிப்புகளோடு பத்திரமாக இருக்கின்றன.

போன மாதம் அந்த பில்டை மூவருக்கும் அனுப்பினேன். மூன்றாவது லெவலில் இடது ஓரம் குதித்தால் விளக்கு சுவருக்குள் போய்விடுகிறது என்று லெவல் டிசைன் நண்பன் அன்றிரவே ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதியிருந்தான். அதைத்தான் இந்த வாரம் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.