தனியுரிமைச் சட்டத்தை மீறும் நிறுவனங்கள் மீது அரசு உண்மையில் நடவடிக்கை எடுக்கிறதா?

தனியுரிமைச் சட்டங்கள் ஏட்டோடு நின்றுவிடுகின்றனவா, நிறுவனங்கள் உண்மையிலேயே தண்டம் கட்டுகின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டுகின்றன. அழகுசாதனங்கள் விற்கும் செஃபோரா, 2022 ஆகஸ்டில் கலிபோர்னியா அரசுடன் 12 லட்சம் டாலருக்கு வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

அந்த இணையக் கடையில் ஒருவர் எந்தக் கண்மையைக் கூடையில் போட்டார், கர்ப்பிணிகளுக்கான வைட்டமினைத் தேர்ந்தாரா, எந்த வகைக் கணினியைப் பயன்படுத்தினார் என்பன போன்ற விவரங்களை வெளி நிறுவனங்களின் கண்காணிப்பு நிரல்கள் திரட்ட முடிந்தது என்பது அரசுத் தரப்பு. கைமாறாகச் செஃபோராவுக்குக் கிடைத்தவை விளம்பர, பகுப்பாய்வுச் சேவைகளே என்றாலும், கலிபோர்னியாவின் நுகர்வோர் தனியுரிமைச் சட்டப்படி அதுவும் 'விற்பனை'தான் என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் ராப் போன்டா வலியுறுத்தினார். என் பார்வையில் வழக்கின் உயிர்நாடி இதுவே. விற்பதை வாடிக்கையாளரிடம் சொல்லாததும், 'என் தகவலை விற்காதீர்கள்' என்று அவர்களுடைய உலாவி அனுப்பிய சமிக்ஞையை மதிக்காததும் குற்றச்சாட்டுகளாயின.

குறையைக் களைய 30 நாள் அவகாசம் தந்தும் களையப்படாததால்தான் விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அந்தக் கட்டாய அவகாசமும் 2023 தொடக்கத்தில் நீக்கப்பட்டுவிட்டது. மீறல் ஒவ்வொன்றுக்கும் 2,500 டாலர், வேண்டுமென்றே செய்திருந்தால் 7,500 டாலர் வரை தண்டம் என்று சட்டம் முதலில் வகுத்திருந்தது. வாடிக்கையாளர் எண்ணிக்கையோடு அதைப் பெருக்கிப் பார்த்தால், நிறுவனங்கள் ஏன் சமரசத்துக்கு முன்வருகின்றன என்பது விளங்கும்.