கோடை விடுமுறையில் எங்கள் தெருவில் உள்ள 6 முதல் 12 வயது வரையிலான இருபது பிள்ளைகளுக்கு ஐந்து நாள் முகாம் நடத்த, செலவு குறைந்த கைவேலைகளும் விளையாட்டுகளும் எவை?

பாளையங்கோட்டைக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில், வீட்டு வேப்பமரத்தடியில், நான்கு ஆண்டுகளாக மே மாதத்தில் இத்தகைய முகாமை நடத்தி வருகிறேன். 6 முதல் 12 வயது வரையிலான இருபது பிள்ளைகளுக்கு என்று நீங்கள் கேட்டிருப்பதால், எனக்குப் பலித்ததோடு பலிக்காததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் ஆண்டு தெர்மாகோல், மினுக்குத்தாள், பசை எல்லாம் அடங்கிய கைவேலைப் பெட்டிகளைக் கடையில் வாங்கி வந்தேன். இரண்டு மணி நேரத்தில் ஒரே அச்சான இருபது வண்ணத்துப்பூச்சிகளை ஒட்டி முடித்துவிட்டு, "இனி என்ன செய்யணும், அத்தை?" என்று கேட்டார்கள். ஒட்டியதை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதன்பின், காலையில் செய்யும் பொருள் அன்றைக்கே சுழல வேண்டும், உருள வேண்டும், அல்லது ஒலிக்க வேண்டும் என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டேன். கைவேலைக்கு ஒரு நேரம், விளையாட்டுக்கு ஒரு நேரம் என்று பிரிக்க வேண்டிய தேவையே அதனால் இல்லாமல் போயிற்று.

நம் பக்கத்தில் இதற்குக் கைகொடுப்பது பனைதான். மே மாதம் நுங்குக் காலம் என்பதால் முதல் நாளை நுங்கு வண்டியில் தொடங்குங்கள். நுங்கை எடுத்த காய்கள் இரண்டை ஒரே அளவாகத் தேர்ந்து, முழங்கை நீளக் குச்சி ஒன்றை இரண்டுக்கும் குறுக்கே செருகினால் அச்சு ஆயிற்று. நீண்ட கவட்டைக் குச்சியை அந்த அச்சில் வைத்துத் தள்ள வேண்டியதுதான். காய்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால் வண்டி சிறிய காயின் பக்கமாகவே திரும்பும். இதை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். சென்ற ஆண்டு ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் பந்தயத்தில் மூன்று முறை வேலியில் போய் முட்டிய பிறகு, பக்கத்தில் இருந்தவனிடம் காயை மாற்றிக்கொண்டு நேராக ஓட்டினான்.

இரண்டாம் நாள் ஓலைக் காற்றாடி செய்யலாம். ஒரு விரல் அகலத்தில் நறுக்கிய இரண்டு ஓலைத் துண்டுகளை மடித்து, ஒன்றினுள் ஒன்றாகச் செருகிக் கூட்டல் குறி போல இறுக்கி, நடுவில் உடைமரத்து முள்ளைக் குத்தி, முள்ளின் நுனியைக் காய்ந்த சோளத்தட்டையில் ஏற்றிவிட்டு ஓடினால் சுழலும். துளை முள்ளைவிடச் சற்றுப் பெரிதாக இல்லையென்றால் எவ்வளவு ஓடினாலும் அசையாது. குருத்தோலை மடிப்பதற்கு இளக்கமானது. ஆனால் ஒரு மரத்தில் ஒன்றுக்கு மேல் வெட்டச் சொல்லாதீர்கள். முற்றிய ஓலைதான் கிடைக்கிறது என்றால் முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டுவிடுங்கள். மட்டையின் ஓரத்தில் உள்ள பல்போன்ற கருக்கு கையை அறுத்துவிடும் என்பதால், அரிவாள் வேலை முழுவதையும் பெரியவர்களே முடித்து, நறுக்கிய ஓலையை மட்டும் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். சிறுவர்கள் சலித்தால் பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதச் சொல்லலாம். (அன்று அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.)

களிமண்ணை மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காருகுறிச்சி போன்ற ஊர்களில் மண்பாண்டம் செய்பவர்களிடம் கேட்டால் பிசைந்த மண்ணாகவே கிடைக்கும். செய்த பொம்மைகளை வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்கி வெடித்துவிடும். நிழலில்தான் உலர்த்த வேண்டும். நான் முதல்முறை மொட்டைமாடியில் வைத்து எல்லாவற்றையும் கெடுத்தேன்.

நான்காம் நாள் வெளியே அழைத்துச் செல்லுங்கள். திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் 1987 முதல் இயங்கிவரும் மாவட்ட அறிவியல் மையம் எளிதான தேர்வு. என் விருப்பமோ பத்தமடை. கோரையை மெல்லிய இழைகளாகக் கிழித்து, ஊறவைத்து, சாயமேற்றித் தறியில் பாயாக நெய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளிடம் ஐந்தாம் நாள் பழைய செய்தித்தாளை நாடாக்களாகக் கிழித்துக் கொடுத்தால், மேலொன்று கீழொன்றாகக் கோத்துத் தாங்களே சிறு தடுக்குப் பின்னிவிடுவார்கள். நெய்பவர்களிடம் முன்னதாகச் சொல்லிவிட்டு, ஒரு நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தறி இருக்கும் இடம் பெரும்பாலும் அவர்கள் குடியிருக்கும் வீடே.

தாமிரபரணியில் குளிக்க அழைத்துப் போகலாமே என்று பெற்றோர் யாராவது கட்டாயம் கேட்பார்கள். தண்ணீர் குறைந்த மாதத்திலும் மணலடியில் பள்ளங்கள் இருக்கும். இருபது பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் கண்காணிக்க என்னால் இயலாது என்பதால் நான் மறுத்துவிடுகிறேன்.

அக்கினி நட்சத்திர வெயிலுக்குக் காலை ஏழு முதல் பத்தரை வரைதான் சரிப்படும். இடையில் மோரோ பதநீரோ கொடுக்கலாம். எனக்குப் பெருஞ்செலவு நுங்கும் பேருந்துக் கட்டணமும்தான். நுங்குக்குப் பனையேறுபவரிடம் இரண்டு நாள் முன்பே சொல்லி வையுங்கள்; குலையோடு நான்கு ஓலையும் சேர்த்து இறக்கித் தரச் சொன்னால், இரண்டாம் நாளுக்கான ஓலையும் அதிலேயே வந்துவிடும். பந்தயம் முடிந்த நுங்குக் காய்களைக் குப்பையில் போடாமல், நறுக்கி மாட்டுக்கு வையுங்கள். எங்கள் தெருவில் அதற்கும் பிள்ளைகளிடையே போட்டி உண்டு.