மாமன் சீர் கொடுத்த முருகன் கறுத்துப் போனார்!

கேள்வி: பெருந்துறையில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினப்ப, எங்க தாய்மாமா சீரா ஒரு தஞ்சாவூர் ஓவியம் கொடுத்தாருங்க. வள்ளி, தெய்வானையோட முருகன். '22 காரட் தங்க ரேக்கு' (மெல்லிய தங்கத் தகடு) என்று சொல்லி 24,000 ரூபாய் வாங்கியிருக்காங்க. ஒரு வருஷம்கூட ஆகலை. கிரீடமும் திருவாசியும் கறுத்து, கல்லைச் சுத்திப் பச்சை படர்ந்திருக்கு. கேட்டால் பூஜை ரூம் சாம்பிராணிப் புகைன்னு சொல்றாங்க. பில் மாமாகிட்ட இருக்கு, கேட்கவும் சங்கடம். நான் புகார் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். படத்தை வாங்கியவர் மாமாதான். ஆனால் அவர் சம்மதத்தோடு அதை வைத்திருப்பவர் நீங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களும் நுகர்வோரே.

புகைக் கதையை நம்பாதீர்கள். கண்ணாடி போட்ட படத்தில் புகை கண்ணாடிக்கு மேலேதான் படியும், துணியால் துடைத்தால் போய்விடும். அதோடு, புகைக்கரி பச்சையாக இருக்காது. பச்சை வருவது செம்பிலிருந்து. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை ரேக்கு சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது; ஒட்டிய புதிதில் தங்கத்தைவிட அதுதான் அதிகமாக மின்னும். 22 காரட்டிலும் கொஞ்சம் செம்பு சேர்ந்திருக்கலாம்தான், ஆனால் ஒரே வருஷத்தில் இப்படிப் பாசி பிடிக்காது.

அதற்காக உரைகல்லில் தேய்த்துப் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்து மேடு எழுப்பி, அதற்கும் மேலே ஒட்டியிருப்பது இந்த ரேக்கு. தேய்த்தால் ரேக்கோடு மேடும் உதிரும், சாட்சியும் போகும். காரட் மீட்டர் வைத்திருக்கும் நகைப் பரிசோதனைக் கடை ஈரோட்டிலோ கோவையிலோ இருக்கும். ஃபிரேமைக் கழற்றிக் கொண்டுபோங்கள். தங்கம் இருக்கிறதா இல்லையா என்பது சேதாரமில்லாமல் தெரிந்துவிடும். ரேக்கு அவ்வளவு மெலிசு என்பதால் அது காட்டும் காரட் கணக்கை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். முடிவை எழுத்தில் வாங்குங்கள். (ஹால்மார்க் முத்திரையைத் தேடாதீர்கள், ரேக்குக்கு அது கிடையாது.)

அடுத்து பில். மாமாவிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். 'நீங்க ஏமாந்துட்டீங்க' என்று ஆரம்பித்தால் சீர் கொடுத்தவர் மனசு கஷ்டப்படும். 'கடைக்காரன் நம்மளை ஏமாத்திட்டான், விடக்கூடாதுங்க மாமா' என்று சொல்லிப் பாருங்கள், அவரே முன்னால் நிற்பார். பில்லில் 'சாமி படம் – 1' என்று மட்டும் இருந்தால், கடையின் விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய விவரம் எல்லாம் உதவும்.

முதலில் கடைக்கு ஒரு பதிவுத் தபால். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அதிலும் தீராவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருஷக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: திருச்செங்கோட்டு அர்த்தநாரீஸ்வரரை வரைந்து தரச்சொல்லி கோவையில் ஒரு அம்மணியிடம் 40,000 ரூபாய்க்குப் பேசி, பாதி முன்பணம் கொடுத்தேன். அம்மன் பாகத்தைச் சாமியின் வலப்பக்கம் வைத்துவிட்டார். 'நீங்க அனுப்புன போட்டோவைப் பார்த்துத்தான் வரைஞ்சேன்' என்கிறார். முன்பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அனுப்பிய போட்டோவை எடுத்துப் பாருங்கள். அதில் ஏதாவது எழுத்து இருந்து, அது இடவலம் மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தெரிந்தால், போனே படத்தைத் திருப்பியிருக்கிறது. அப்படியானால் முழுப் பழியையும் அவர் மேல் போட முடியாது. ஆனாலும் சாமி படம் வரைவதைத் தொழிலாக வைத்திருப்பவருக்கு அம்மன் இடப்பாகம் என்பது தெரிந்திருக்க வேண்டும். இது ஆணையத்துக்குப் போகிற வழக்கில்லை, உட்கார்ந்து பேசித் தீர்க்கிற விஷயம். புதிதாக வரையட்டும், ரேக்கு, கல் செலவை ஆளுக்குப் பாதி ஏற்றுக்கொள்ளுங்கள் என்பேன்.

கோட்டோவியத்தை உங்களுக்குக் காட்டினாரா? அங்கேதான் பிடித்திருக்க வேண்டும். மேடு எழுப்பி, கல் பதித்து, ரேக்கு ஒட்டிய பிறகு இடவலம் மாற்ற வழியே இல்லை. இனி யார் ஆர்டர் கொடுத்தாலும் பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்: கோட்டோவியத்துக்குச் சரி சொன்னதும் ஒரு பங்கு, ரேக்கு ஒட்டியதை நேரில் பார்த்ததும் ஒரு பங்கு, கண் திறந்து முடித்ததும் மீதி.

கேள்வி: இரண்டடி உயர வெண்ணெய்க் கிருஷ்ணர், 'கையால் வரைந்தது, அசல் தங்கம்', 3,500 ரூபாய் என்று ஆன்லைனில் பார்த்தேன். நம்பலாமா? – பொள்ளாச்சி வாசகர்

பதில்: அந்த விலைக்கு நம்பாதீர்கள். துணியில் அச்சடித்து மேலே கல் ஒட்டியிருப்பார்கள். கிருஷ்ணர் கன்னத்தில் பூதக்கண்ணாடி வைத்தால் புள்ளி புள்ளியாக மை தெரியும். கைவேலை என்றால் தூரிகைத் தடம் தெரியும். அச்சுப்படம் என்று தெரிந்தே வாங்குவதில் தப்பில்லை. ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டீர்கள் என்றால், விளம்பரத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், சந்தேகம் வந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பப் பதிவு செய்யுங்கள்.