திருத்திய கோஹாவைப் புதுப்பிப்பது எப்படி?

கேள்வி: எங்கள் கல்லூரி நூலகத்தில் நூலக மேலாண்மை மென்பொருளான கோஹாவின் 21.11 பதிப்பு, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் கொண்ட சர்வரில் இயங்குகிறது. முன்பு இங்கே பணியாற்றிய ஒருவர் நிறுவப்பட்ட கோப்புகளிலேயே பல மாற்றங்களைச் செய்திருக்கிறார். தேடல் பக்கத்தில் தமிழ்ச் சொற்கள், கல்லூரிச் சின்னம், நூல் வழங்கும் சீட்டின் வடிவம், விடுமுறை நாட்களைத் தவிர்த்துத் தாமதக் கட்டணம் கணக்கிடுதல், சில நூல்களை வேறு துறை மாணவருக்கு வழங்கவிடாமல் தடுக்கும் சோதனை ஆகியவை எங்களுக்குத் தெரிந்தவை. 24.11க்கு மாறினால் எல்லாம் அழிந்துவிடுமோ என்று அஞ்சிப் புதுப்பிக்காமலே இருக்கிறோம். என்ன செய்வது?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. டெபியன் தொகுப்பைப் புதுப்பிக்கும்போது, அந்தக் கோப்புகளின் மீது புதிய பதிப்பின் கோப்புகள் அப்படியே எழுதப்பட்டுவிடும். ஆனால் புதுப்பிக்காமல் இருப்பது அதைவிட ஆபத்தானது. 2014 அக்டோபர் 15 அன்று, கோஹாவைப் போலவே திறந்த மூலநிரல் கொண்ட இணையதள மென்பொருளான ட்ரூபல் 7இல் ஒரு பாதுகாப்புக் குறை அறிவிக்கப்பட்டபோது, ஏழு மணி நேரத்துக்குள் திருத்தப்படாத தளங்கள் அனைத்தும் ஊடுருவப்பட்டுவிட்டன என்றே கருதுமாறு அதன் பாதுகாப்புக் குழு பின்னர் எச்சரித்தது. மூலநிரல் திறந்திருப்பதால், திருத்தம் வெளியாகும் கணத்தில் குறை எங்கே இருந்தது என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

முதல் வேலை, என்னென்ன மாறியிருக்கிறது என்பதை நினைவை நம்பாமல் கண்டறிவது. டெபியனில் மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜி கருவியின் வெரிஃபை கட்டளையைக் கோஹா தொகுப்பின் மீது இயக்கினால், நிறுவிய பிறகு உள்ளடக்கம் மாறிய கோப்புகளின் பட்டியல் கிடைக்கும். புதிதாகச் சேர்க்கப்பட்ட கோப்புகளை அது காட்டாது என்பதால், மூலத் தொகுப்பைத் தனி அடைவில் விரித்து, கோப்புகளின் வேறுபாடுகளைக் காட்டும் டிஃப் கருவியால் ஒப்பிடுவதும் அவசியம். இங்கே பலர் செய்யும் தவறு, தங்கள் நகலைப் புதிய பதிப்போடு ஒப்பிடுவது. அப்படிச் செய்தால் உலகெங்குமுள்ள நிரலாளர்கள் மூன்றாண்டுகளில் செய்த ஆயிரக்கணக்கான மாற்றங்களுக்கு நடுவே உங்களுடைய நாற்பது வரிகள் காணாமற்போகும். நீங்கள் நிறுவியிருக்கும் அதே பதிப்பின் மாசுபடாத நகலோடுதான், கடைசி இலக்கம் வரை பொருந்துமாறு, ஒப்பிட வேண்டும்.

பட்டியல் கைக்கு வந்ததும், ஒவ்வொரு மாற்றமும் மூலநிரலில் இருக்கத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். என் அனுபவத்தில் இந்தக் கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். சின்னத்தையும் நிறங்களையும் வாசகர் தேடல் பக்கத்தின் தோற்றத்துக்கான ஓபேக் யூசர் சிஎஸ்எஸ் என்ற அமைப்பில் இடலாம். சீட்டின் வடிவத்துக்கு நோட்டீசஸ் அண்ட் ஸ்லிப்ஸ் பகுதி இருக்கிறது. விடுமுறை நாட்களை நாட்காட்டியில் குறித்து, ஃபைன்ஸ் கேலண்டர் அமைப்பை மாற்றினால் கட்டணக் கணக்கு தானே சரியாகிவிடும். அதற்காக நிரலைத் தொட்டிருக்கவே தேவையில்லை. இவையெல்லாம் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுவதால், புதுப்பித்தலின்போது கோப்புகளோடு சேர்ந்து அழியா. தமிழ்ச் சொற்களை ஆங்கில டெம்ப்ளேட்டுக்குள் (பக்க வார்ப்புருவுக்குள்) தட்டச்சு செய்வதை விட்டு, கோஹாவின் மொழிபெயர்ப்புத் தளத்தில் சேர்த்துவிடுங்கள். அவை அடுத்தடுத்த பதிப்புகளோடு தாமே வந்து சேரும், மற்ற தமிழ் நூலகங்களுக்கும் பயன்படும்.

மிஞ்சுவது துறைச் சோதனை ஒன்றுதான். அது பெரும்பாலும் நூல் வழங்கலைக் கவனிக்கும் சர்க்குலேஷன் மாட்யூலில், நூலை வழங்கலாமா என்று முடிவு செய்யும் செயற்கூற்றுக்குள் இருக்கும். அடிக்கடி திருத்தப்படும் இடம் அது. நிரல் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட் கருவியால் கோஹாவின் களஞ்சியத்தை நகலெடுத்து, உங்கள் பதிப்பைக் குறிக்கும் டேகிலிருந்து ஒரு கிளையை உருவாக்கி, அந்த மாற்றத்தைத் தனிக் கமிட்டாக, அதாவது குறிப்போடு கூடிய ஒரே பதிவாகப் பதியுங்கள். எதற்காக, யார் கேட்டு அது செய்யப்பட்டது என்பதைக் கமிட் குறிப்பில் எழுதிவையுங்கள். மாற்றத்தைச் செய்தவர் இப்போது உங்களோடு இல்லை என்பதே இந்தக் குறிப்பின் அருமையைச் சொல்லும். பிறகு, ஒரு மாற்றத்தை வேறொரு பதிப்பின் மேல் பொருத்தும் ரீபேஸ் வசதி மூலம் அந்தக் கமிட்டை 22.05, 22.11, 23.05 என்று படிப்படியாக 24.11 வரை நகர்த்துங்கள். உங்கள் வரிகளும் புதிய பதிப்பின் வரிகளும் ஒரே இடத்தில் மோதுவதே முரண்பாடு. ஒரே தாவலில் சென்றால் எழும் பெரிய முரண்பாட்டைவிட, ஆறு சிறிய முரண்பாடுகளைப் புரிந்து தீர்ப்பது எளிது. முரண்பாட்டைத் தீர்த்த விதத்தை நினைவில் வைக்கும் கிட்டின் ரிரீரி வசதியை இயக்கிவைத்தால், ஒருமுறை தீர்த்த முரண்பாடு அதே வடிவில் மீண்டும் வரும்போது அதுவே தீர்த்துவைக்கும்.

முரண்பாடு எதுவும் எழவில்லை என்றாலும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். கிட் ஒப்பிடுவது எழுத்துகளை மட்டுமே, பொருளை அன்று. நீங்கள் அழைக்கும் ஒரு செயற்கூறு புதிய பதிப்பில் பெயர் மாறியிருந்தால், இணைப்பு சுத்தமாக முடிந்து, நூல் வழங்கும் மேசையில் பிழை வெளிப்படும். ஆகவே தனிச் சர்வர் ஒன்றில் 24.11ஐ நிறுவி, கோஹா டம்ப் கட்டளை கொண்டு எடுத்த தரவுத்தளக் காப்புநகலை அங்கே மீட்டு, உங்கள் திருத்தத்தைச் சேர்த்து, அனுமதி உள்ள மாணவர், அனுமதி இல்லாத மாணவர், துறையே பதியப்படாத மாணவர் ஆகிய மூவகையினருக்கும் நூல் வழங்கிப் பாருங்கள். தரவுத்தளம் புதிய வடிவத்துக்கு மாறியபின் பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை என்பதால், அந்தக் காப்புநகலை வேறொரு கணினியிலும் வைத்திருங்கள்.

சோதனை முடிந்ததும் விடுமுறைக் காலத்தில் மாறிக்கொள்ளுங்கள். புதிய சர்வரில் ஏப்ட் மார்க் ஹோல்டு கட்டளையால் கோஹா தொகுப்பை நிறுத்திவைத்தால், தானியங்கிப் புதுப்பித்தல் உங்கள் திருத்தத்தை அழிக்காது. ஆனால் மாதந்தோறும் வரும் பராமரிப்பு வெளியீட்டை நீங்களே நாள் குறித்து ஏற்றியாக வேண்டும். பழைய சர்வரை வலையமைப்பிலிருந்து துண்டித்து, ஒரு பருவம் முடியும் வரை அழிக்காமல் வைத்திருங்கள்.